'எடுத்தாச்சு' என்று இபிஏபிஎக்ஸ் சொன்னால் நம்பலாமா?

பத்து எக்ஸ்டென்ஷன் இருக்கிற எந்த ஆபீஸுக்குப் போனாலும், ரிசப்ஷன் மேசைக்குப் பின்னாடி சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கும். இபிஏபிஎக்ஸ். நம்ம ஊரில் இன்டர்காம் பெட்டி என்றும் சொல்வாங்க. ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் அந்தப் பெட்டி ஒரு வரி எழுதி வெளியே தள்ளுகிறது என்பது பல முதலாளிகளுக்குத் தெரியாது. தெரிந்த உடனே அடுத்த கேள்வி, "அப்போ யார் எவ்வளவு நேரம் பேசுறாங்கன்னு ரிப்போர்ட் எடுக்கலாமா?"

எடுக்கலாம். மென்பொருள் வாங்கி, கேபிள் செருகி, அரை நாளில் கலர் கலராகப் படம் வரவைக்கலாம். அது பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தப் படத்தில் "எடுத்த அழைப்பு" என்று ஒரு தலைப்பும் "பேசிய நேரம்" என்று ஒரு தலைப்பும் இருக்கும். பெட்டியோட பாஷையில் அதுக்கு ஒரு அர்த்தம், நம்ம பாஷையில் இன்னொரு அர்த்தம். இரண்டையும் ஒன்றாக்குவதுதான் உண்மையான கான்ஃபிகரேஷன். அதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒரு கதை கீழே வருது.

முதலில் அந்த வரி. எஸ்.எம்.டி.ஆர். என்று பேர். எந்த எக்ஸ்டென்ஷன் என்ன நம்பருக்குப் போட்டது, எவ்வளவு நேரம் பேசியது என்று அழைப்புக்கு ஒரு பதிவு. ஹோட்டல்களில் அறைக்கு அறை போன் பில் போட்டது இதை வைத்துத்தான். அதனாலேயே பழைய பெட்டிகளில் இந்த வசதி பிரின்டரை மனசில் வைத்து வடிவமைக்கப்பட்டது, ஆர்.எஸ்-232 சீரியல் போர்ட், 80 எழுத்து அகல வரி, பக்கத்துக்கு ஒரு தலைப்பு. இன்றைக்கு அந்தப் பிரின்டர் இருந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைக்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

பானாசோனிக் பெட்டிகளை நம்ம பக்கம் நிறைய பார்க்கலாம், அதனால் அதையே எடுத்துக்கிறேன். வரியில் தேதி, நேரம், எக்ஸ்டென்ஷன், வெளி லைன் எண், டயல் செய்த நம்பர், மணி அடித்த நேரம், பேசிய நேரம், கடைசியில் இரண்டெழுத்துக் குறி. உள்ளே வந்த அழைப்பு என்றால் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கூர் அடைப்புக்குள் 'ஐ' என்ற எழுத்து வரும். கடைசிக் குறி 'டி.ஆர்.' என்றால் வேறு ஒருவருக்கு மாற்றிவிட்ட அழைப்பு, 'என்.ஏ.' என்றால் யாரும் எடுக்காதது. ரிப்போர்ட் மென்பொருள் செய்வதெல்லாம் இந்த வரியை நிலை பார்த்து வெட்டி டேட்டாபேஸில் போடுவதுதான். பெட்டியின் மாடலை மென்பொருளில் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு எழுத்து நகர்ந்து, எக்ஸ்டென்ஷன் 102-இன் அழைப்பெல்லாம் 02-க்குப் போய்ச் சேரும்.

கேபிள் சமாசாரம் சீக்கிரம் சொல்லிடறேன். இரண்டு பக்கமும் வேகம் ஒன்றாக இருக்கணும், பெரும்பாலும் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. வரி வரவே இல்லை என்றால், 2-ம் பின்னும் 3-ம் பின்னும் குறுக்கே மாறிய கேபிள் தேவையா என்று பாருங்க. திரையில் குப்பை எழுத்தாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. ரிப்போர்ட் மென்பொருளை நிறுவுவதற்கு முன்பே புட்டி மாதிரி ஒரு டெர்மினலில் வெறும் வரியைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது; பார்த்த பிறகு அதை மூடிடுங்க. ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். டெர்மினல் ஒரு மூலையில் சின்னதாகத் திறந்திருக்க, மென்பொருளில் ஒன்றுமே வரலைன்னு சப்போர்ட்டுக்குப் போன் போட்டவர்களை நான் அறிவேன். அடுத்த தலைமுறைப் பெட்டிகளில் சீரியலுக்குப் பதிலாக நெட்வொர்க் வழியாகவே, 2300-ம் போர்ட்டில், இதே வரி வரும். அதில் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான், மறக்காமல் மாத்திடணும்.

இன்னொன்று. எதிரே கேட்க ஆள் இல்லாத நேரத்தில் பெட்டி சொல்வது காற்றோடு போகும். உள்ளே கொஞ்சம் பதிவுதான் தங்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால், ராத்திரி வந்த அழைப்புகள் முழுசாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இப்போ கதைக்கு வருவோம். கொங்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ரத்தப் பரிசோதனை லேப். முடிவு தயாரானதும் நோயாளிக்குப் போன் போட்டுச் சொல்வது ரிசப்ஷனில் இருக்கிற பெண்ணின் வேலை. "எங்களுக்கு யாருமே போன் பண்ணல" என்று சிலர் வந்து சத்தம் போட்டிருக்காங்க. முதலாளி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தார். சத்தம் போட்ட ஒவ்வொருத்தர் நம்பருக்கும் அழைப்பு போயிருக்கு. ஒவ்வொன்றிலும் "பேசிய நேரம்" அரை நிமிஷத்துக்கு மேலே. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால், "நான் கூப்புட்டேனுங்க சார், ரிங் போகுது, யாரும் எடுக்கலைங்க" என்கிறார். அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். அந்த நம்பர்களுக்கு எதிரே 'எடுக்கல' என்று பேனாவில் எழுதியிருந்தது. முதலாளி அந்த நோட்டைப் பார்க்கவே இல்லை. "தம்பி, மெஷின் பொய் சொல்லுமா?" என்று என்கிட்ட கேட்டார்.

மெஷின் பொய் சொல்லல. அதுக்கு எதிர்முனையில் எடுத்தார்களா என்பதே தெரியாது.

சாதாரண அனலாக் லேண்ட்லைனில் இரண்டு கம்பி. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 48 வோல்ட் மின்சாரம் அதில் நிற்கும். நாம் நம்பர் போட்டதும், மணி அடிப்பது, பிஸி, "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்..." எல்லாமே இந்தக் கம்பியில் வெறும் சத்தம். காது உள்ள மனிதருக்குப் புரியும். பெட்டிக்குப் புரியாது. எதிரே எடுத்தார்கள் என்பதைப் பெட்டிக்குச் சொல்ல ஒரு வழி இருக்கு. எடுத்த கணத்தில் எக்ஸ்சேஞ்ச் அந்த இரண்டு கம்பியின் நேர், எதிர் முனைகளை மாற்றிப் போடும். இதைத்தான் போலாரிட்டி ரிவர்சல் என்கிறோம். இந்தச் சமிக்ஞை லைனில் வராவிட்டால், டயல் முடிந்து சில விநாடி கழித்துப் பெட்டி தானே கடிகாரத்தை ஓடவிட்டுடும். வேறு வழி அதுக்கு இல்லை. 40 விநாடி மணி அடித்து நீங்கள் வைத்துவிட்டால், ரிப்போர்ட்டில் முப்பத்துச் சொச்சம் விநாடி "பேசியிருப்பீங்க".

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது வேறு வேஷத்தில் ஏற்கெனவே பழக்கம். மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடுமே மீட்டர், எதிரே 'ஹலோ' சொன்ன பிறகுதான் அது ஓட ஆரம்பிக்கணும். இல்லாவிட்டால் எடுக்காத காலுக்குக் காசு கேட்கிற கடைக்காரருக்கும் நமக்கும் சண்டைதான். அதனால் பூத் லைன்களுக்கு எக்ஸ்சேஞ்ச் இந்த போலாரிட்டி ரிவர்சலையோ, 16 கிலோஹெர்ட்ஸ் மீட்டர் துடிப்பையோ கொடுத்தது. சாதாரண ஆபீஸ் லைனுக்கு அது தானாக வராது, கேட்டு வாங்கணும்.

லேப்பில் நான் செய்தது சின்னச் சோதனை. என் மொபைலை மேசையில் வைத்துவிட்டு லேண்ட்லைனிலிருந்து அதுக்குப் போட்டேன், எடுக்காமல் அடிக்கவிட்டேன், ரிசீவரை வைத்தேன். ஒரு நிமிஷத்துக்குள் ரிப்போர்ட்டில் அந்த அழைப்பு "பேசிய" அழைப்பாக வந்து உட்கார்ந்தது. முதலாளி திரையைப் பார்த்தார், மொபைலைப் பார்த்தார். அப்புறம்தான் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார்.

தீர்வு இரண்டு பக்கமும் செய்யணும். லைன் கொடுப்பவரிடம் போலாரிட்டி ரிவர்சல் கேட்கணும். பெட்டியில் அந்த வெளி லைனுக்கு ரிவர்ஸ் சர்க்யூட் கண்டறிதலை இயக்கி, பேச்சு நேரம் அதிலிருந்து தொடங்கும்படி வைக்கணும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் நிலைமை மோசமாகும். சமிக்ஞை வராத லைனில் பெட்டி அதுக்காகக் காத்திருந்தால் எல்லா அழைப்பும் பூஜ்யமாக விழும். இப்போ காப்பர் போய் ஃபைபர் வந்த இடங்களில் லேண்ட்லைன் கம்பி வீட்டுக்குள் இருக்கிற ஃபைபர் மோடத்திலிருந்தே வெளியே வருது. அந்த மோடத்துக்குள் இதுக்கான செட்டிங் இருக்கலாம். சிம் போட்டு லேண்ட்லைன் மாதிரி வேலை செய்யும் எஃப்.சி.டி. பெட்டிகள் பலவற்றிலும் இருக்கு, அதை இயக்கணும். பி.ஆர்.ஐ. லைனோ எஸ்.ஐ.பி. டிரங்கோ என்றால் இந்தத் தலைவலியே இல்லை. எடுத்தவுடன் பி.ஆர்.ஐ.யில் 'கனெக்ட்' என்றும் எஸ்.ஐ.பி.யில் '200 ஓகே' என்றும் தெளிவான செய்தி வரும்.

வெளியே போகும் அழைப்பு இப்படி. உள்ளே வரும் அழைப்பில் பிரச்சினை தலைகீழ். அந்த லேப் பிறகு ஆஸ்டெரிஸ்க் அடிப்படையில் ஓடும் ஐபி பெட்டிக்கு மாறியது. "வணக்கம், முடிவுகளுக்கு 1-ஐ அழுத்தவும்" என்று குரல் வைத்தாச்சு. மறுநாளிலிருந்து தவறிய அழைப்பு பூஜ்யம். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் எடுத்தது யாரு? அந்த ரெக்கார்டு செய்த குரல்தான்.

ஆஸ்டெரிஸ்க்கில் அழைப்புப் பதிவுக்கு சி.டி.ஆர். என்று பேர். அதில் 'டியூரேஷன்' என்பது அழைப்பு தொடங்கியதிலிருந்து முடியும் வரை. 'பில்செக்' என்பது அழைப்பு எடுக்கப்பட்டதிலிருந்து முடியும் வரை. 'டிஸ்பொசிஷன்' என்ற கட்டத்தில் எடுத்தாச்சு, எடுக்கல, பிஸி, தோல்வி மாதிரி ஒரு முடிவு. குரல் ஒலிக்கணும் என்பதற்காகப் பெட்டி அழைப்பை எடுத்த கணமே டிஸ்பொசிஷன் 'எடுத்தாச்சு' ஆகிடும். நோயாளி பாட்டு கேட்டு, அலுத்து, வைத்துவிட்டாலும் அதுதான். அவர் பாட்டு கேட்ட இரண்டு நிமிஷமும் பில்செக்கில் பேச்சு நேரமாகச் சேரும். பில் போட இது சரியான கணக்கு; அழைத்தவருக்குக் காசு ஓடத் தொடங்கியது அப்போதுதான். வேலையை அளக்க இது உதவாது.

அழைப்புகளை க்யூ வழியாக அனுப்பினால் வேறொரு கோப்பு கிடைக்கும். க்யூ லாக். க்யூவில் நுழைந்தது, ஒரு மனிதர் எடுத்தது, காத்திருந்து விட்டுப்போனது, மணி அடித்தும் ஊழியர் எடுக்காதது என்று தனித்தனி நிகழ்வாக, எத்தனை விநாடி காத்திருந்தார்கள் என்பதோடு அதில் வரும். நான் எப்போதும் உள்வரும் அழைப்புக்கு இதைத்தான் எடுப்பேன். ரிசப்ஷனில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் க்யூ வைக்கலாம், தப்பே இல்லை.

ரிங் குரூப் வைத்திருப்பவர்களுக்கு எதிர்த் திசையில் ஒரு பொறி. ஒரு அழைப்புக்கு நான்கு போன் சேர்ந்து அடிக்கிறது, ஒருத்தர் எடுக்கிறார். ஆஸ்டெரிஸ்க் 12-லிருந்து ஒவ்வொரு போனுக்கும் தனிப் பதிவு எழுதப்படும். ஒன்று 'எடுத்தாச்சு', மூன்று 'எடுக்கல'. வரிகளை அப்படியே எண்ணினால் நூறு அழைப்பு வந்த நாளில் முன்னூறு தவறிய அழைப்பு காட்டும், எல்லோரும் ஒழுங்காக வேலை பார்த்த நாளிலும்கூட! ஒரே அழைப்பின் வரிகளுக்கு 'லிங்க்ட் ஐடி' ஒன்றாக இருக்கும். அதை வைத்துக் கூட்டி, குழுவில் ஒன்றாவது எடுக்கப்பட்டிருந்தால் முழு அழைப்பையும் எடுத்ததாகக் கொள்ளணும். மென்பொருள் வாங்கும் முன் விற்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. பதில் சொல்லும் வேகத்திலேயே தரம் தெரிஞ்சிடும்.

இதையெல்லாம் சரி செய்தாலும் ரிப்போர்ட்டில் வரவே வராத ஒரு ஜாதி அழைப்பு உண்டு. இரண்டு லைனும் பேச்சில் இருக்கும்போது மூன்றாவதாகக் கூப்பிடுபவருக்கு எக்ஸ்சேஞ்சே பிஸி டோன் கொடுத்துடும். பெட்டிக்கு அப்படி ஒருத்தர் கூப்பிட்டதே தெரியாது, தெரியாததை அது எப்படி எழுதும்? "நாள் பூரா பிஸி பிஸின்னே வருது" என்று நோயாளி சொல்வதும், "ஒண்ணுகூட தவறலையே" என்று ரிப்போர்ட் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

தெரியாததைக் கணக்குப் போட ஒருத்தர் வழி சொல்லிட்டுப் போயிருக்கார். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங். 1917-ல் வெளியிட்ட அவருடைய சூத்திரம் இன்றைக்கும் லைன் எண்ணிக்கையை முடிவு செய்யப் பயன்படுது. உதாரணத்துக்கு, பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 20 பேர் கூப்பிடறாங்க, ஆளுக்கு 3 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நிமிஷம். ஒரு மணி நேரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, அதாவது 1 எர்லாங். "அப்போ ஒரு லைன் போதுமே, இரண்டு இருக்கு, தாராளம்" என்றுதான் தோணும். சூத்திரத்தில் போட்டால், இரண்டு லைனுக்கு 20 சதவீதம் பேர் பிஸி டோன் கேட்பார்கள். ஐந்தில் ஒருத்தர்! மூன்று லைன் என்றால் 6.25 சதவீதம். நான்கு என்றால் ஒன்றரை சதவீதம் போல. அழைப்புகள் வரிசையாக நேரம் பார்த்து வருவதில்லை, கொத்தாக விழுது என்பதுதான் காரணம். அதுவும் பிஸி கேட்டவர் திரும்ப முயற்சி செய்யவே மாட்டார் என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. நம்ம ஆட்கள் உடனே ரீடயல் அழுத்துவாங்க, ஆகவே நிஜம் இன்னும் நெருக்கடியாகத்தான் இருக்கும்.

சூத்திரம் பிடிக்காதவர்கள் தங்கள் சொந்தப் பதிவிலிருந்தே ஒரு எண் எடுக்கலாம். ஒவ்வொரு அழைப்பின் தொடக்கமும் முடிவும் கையில் இருக்கு. எல்லா லைனும் ஒரே நேரத்தில் பிடிபட்டிருந்த நிமிஷங்களை மணி வாரியாகக் கூட்டுங்க. காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் அப்படி 12 நிமிஷம் வந்தால், அந்த 12 நிமிஷமும் உங்கள் கடைக் கதவு மூடியிருந்தது என்று அர்த்தம். அதை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போடுவேன் நான்.

தொடக்கம், முடிவு என்று சொன்னதும் கடிகாரம் ஞாபகம் வருது. பானாசோனிக் வரியில் இருக்கும் நேரம் அழைப்பு முடிந்த நேரம், தொடங்கியது அல்ல. மென்பொருள் பேச்சு நேரத்தைக் கழித்துப் பின்னோக்கிப் போகுதா என்று பார்க்கணும். ஆஸ்டெரிஸ்க்கில் பதிவைக் கிரீன்விச் நேரத்தில் எழுதச் சொல்லும் செட்டிங் ஒன்று உண்டு. அது இயங்கினால் காலை பத்து மணி அழைப்பு விடியற்காலை நாலரைக்குப் போய் உட்காரும். ரிப்போர்ட்டில் சேவல் கூவும் நேரத்தில் பிஸியான ஆபீஸைப் பார்த்தால் முதல் சந்தேகம் இங்கே இருக்கட்டும்.

காலர் ஐடி வராத அனலாக் லைன் இன்னொரு தொல்லை. தவறிய அழைப்புக்குத் திரும்பக் கூப்பிட நம்பரே இருக்காது. உலகில் பல நாடுகளில் இந்த நம்பர் மோடம் சத்தம் மாதிரி எஃப்.எஸ்.கே. முறையில் வருது; இந்திய லேண்ட்லைன்களில் டி.டி.எம்.எஃப். முறை, அதாவது பட்டன் ஒலியாகவே வருவது வழக்கம். ஆஸ்டெரிஸ்க்கின் அனலாக் கார்டு செட்டிங்கில் இந்தியாவுக்கென்றே 'போலாரிட்டி ஐ.என்.' என்று தனியாக ஒரு மதிப்பு வைத்திருக்காங்க. இறக்குமதிப் பெட்டிகளில் நாடு தேர்வை இந்தியா என்று மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. என் வழக்கம் இது. ஒரு தாள் எடுத்து, மொபைல் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, பதில் முன்கூட்டியே தெரிந்த அழைப்புகளாகப் போடுவேன். வெளியே போட்டு எடுக்காமல் விடுவது, எடுத்து சரியாக ஒரு நிமிஷம் பேசுவது. உள்ளே கூப்பிட்டு வணக்கம் சொல்லும்போதே வைப்பது, க்யூவில் காத்திருந்து வைப்பது, எடுத்து வேறு எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றுவது. ஒவ்வொன்றுக்கும் தாளில் எழுதியதும் ரிப்போர்ட்டில் வந்ததும் ஒன்றாக இருக்கணும். இந்தத் தாளில் ரிசப்ஷனில் உட்காருகிறவரையும் கையெழுத்துப் போடச் சொல்வேன். அவரை அளக்கிற கருவி, அவருக்கும் அது எப்படி எண்ணுது என்று தெரியணும் இல்லையா.

லேப்பில் லைன்காரர் போலாரிட்டி கொடுக்கும் வரை அந்தத் தலைப்பை மட்டும் மாத்தி வைத்தோம். 'பேசிய நேரம்' என்பதை எடுத்துவிட்டு 'லைன் பிடித்த நேரம்' என்று. பழைய மாத ரிப்போர்ட்டுகளிலும் அதையே போட்டு அச்செடுத்துக் கோப்பில் வைக்கச் சொன்னேன்.

கடைசியாக ஒரு விஷயம், இதை யாரும் கேட்பதில்லை. அந்தப் பதிவில் இருப்பது ஊழியர் விவரம் மட்டும் இல்லை. எந்த நம்பர்காரர் எந்த லேப்புக்கு எத்தனை தடவை பேசினார் என்பதும் இருக்கு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் அது தனிநபர் தரவு. சில பெட்டிகள் அழைப்பு கிடைத்த பிறகு அழுத்தும் எண்களையும் வரியில் எழுதிவிடும். பாங்க்கின் போன் சேவைக்கு யாராவது அட்டை எண்ணையும் பின்னையும் அழுத்தினால் அதுவும் ரிப்போர்ட்டில் போய் நிற்கும். டயல் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைக்கும் வசதி இருந்தால் இயக்குங்க. ரிப்போர்ட் பார்க்கும் உரிமையை ஒன்றிரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீங்க. எத்தனை மாதம் கழித்துப் பழைய வரிகளை அழிக்கணும் என்பதையும் நிறுவும் அன்றைக்கே முடிவு செய்து, தானாக அழியும்படி வைத்துடுங்க.